மலைக்குடியில் ஒரு துஷ்டி

என் கணவர் சுவிசேஷத்தை மலைக்காரர்களின் பேச்சில் எழுதப் போன இடத்தில், ஒரு குடியே எங்களைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பிப் போயிற்று. இதைச் சொன்னால் எங்கள் சபையில் இப்போதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நான் அங்கே இருந்தேன், அவர்கள் இல்லை.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். குற்றாலத்து அருவிகளுக்கு மேலே, அரை நாள் ஏறினால் வருகிற ஒரு சரிவில் பளியர்கள் குடிசை போட்டிருந்தார்கள். தேன் எடுப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், குங்கிலியம் கொண்டுபோய்க் கீழே கொடுத்துவிட்டு உப்பும் துணியும் வாங்கி வருவார்கள். தென்காசி பங்களாவில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு, அவரைத் துரை ஐயா என்போம், வேதத்தை அவர்கள் பேச்சிலேயே எழுதிவிட வேண்டுமென்று தீராத ஆசை. ஆனால் மூட்டுவலி. அதனால் ஆசை அவருடையதாகவும் மலையேற்றம் உபதேசியாராக இருந்த என் கணவருடையதாகவும் ஆயிற்று. உபதேசியார் ஏறினால் உபதேசியார் பெண்டாட்டியும் ஏற வேண்டியதுதானே. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏறின புதிதில் நான் போடாத சண்டை இல்லை. அட்டை, குளிர், நனைந்த விறகு, எதைத் தொட்டாலும் ஈரம். வாசலில் நின்றால் கீழே வெகுதூரத்தில் தென்காசிக் கோயிலின், அப்போது உச்சி இடிந்து நின்ற மொட்டைக் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்துவேன். என் கணவர் ஒன்றும் சொல்லமாட்டார். எதிர்த்துப் பேசினால் சண்டை முடிந்துவிடும், பேசாமல் இருக்கிற மனுஷனிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது?

என்னை அந்த மலையில் நிறுத்திவைத்தது ஒரு பளியப் பெண்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளை அக்கா என்று கூப்பிட்டேன், அவள் என்னைப் புள்ள என்பாள். நான்கைந்து பெற்றவள். அந்தக் குடியில் யாருக்கு வலி எடுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் உண்டாகியிருப்பதை என் கணவருக்கு முன்பே அவள்தான் கண்டுபிடித்தாள். ஓடையில் குளித்துக்கொண்டிருந்தபோது வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பிள்ளை தென்காசியில் என் பிறந்த வீட்டில் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் சொன்னாள்.

"இது நிக்கும், புள்ள. நான் பக்கத்துல இருப்பேன்."

அவள் பேச்சை எனக்குத் தெரிந்த பேச்சில்தான் எழுதுகிறேன். அவர்கள் பேசுவதும் தமிழோடு ஒட்டினதுதான், ஆனால் சொல்லை இழுத்துப் பாடுகிற மாதிரி பேசுவார்கள். பக்கத்தில் இருப்பேன் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மாதங்களைக் கடத்தினேன். பேறுகாலத்துக்குக் கீழே வரச்சொல்லி அம்மா ஆள்மேல் ஆள் அனுப்பினாள். போகமாட்டேன் என்றேன். அந்த வீட்டில் இன்னொரு தடவை பெற எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கிடையில் சுவிசேஷம் வளர்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் என் கணவர் ஆண்களோடு அலைந்து பேச்சைக் கேட்பார், வந்து எழுதுவார். ஓர் அதிகாரம் முடிந்ததும் அது தென்காசிக்குப் போகும். துரை ஐயா பார்த்துத் திருத்தித் திருப்பி அனுப்பினால்தான் குடியில் வாசிக்கலாம். திருத்தாததை ஒரு வரிகூட வாசிக்கக் கூடாது. அது சட்டம். என் கணவருக்குச் சட்டம் என்றால் சட்டம்தான், சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் போட்டுக்கொள்வார்.

ஆகவே வாசிப்பு விட்டுவிட்டு நடந்தது. திருத்தின தாள் வந்த அன்று, பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். இவர் வாசிப்பார். பிறகு அடுத்த தாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் படகில் ஏறினார் என்று ஒரு மாதம் கேட்டால், கரை இறங்கினார் என்று அடுத்த மாதம் கேட்க வேண்டும்.

அந்த ஜனங்கள் அதைச் சேதி என்று எண்ணிக் கேட்டார்கள். எந்த மலையிலோ, இரண்டு மூன்று கணவாய் தாண்டி, ஒருவர் இருக்கிறார். நோயாளிகளைத் தொடுகிறார், பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார், பெரிய மனுஷர்களைக் கண்டால் வாயை மூடுவதில்லை. என் கணவர் தென்காசிக்குப் போய்வரும்போதெல்லாம் அவரைப் பற்றிப் புதுச் சேதி கொண்டுவருகிறார். இதுதான் அவர்கள் கணக்கு. ஒரு தடவை இவர் கீழே கிளம்பும்போது தேன் எடுக்கிற ஒருவன் சுரைக்குடுக்கை நிறைய மலைத்தேனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அவரு ஊரு ஊராச் சுத்துதாரு. வழியில குடிக்கட்டும்."

என் கணவர் அவனைத் திருத்தவில்லை. வாங்கிக்கொண்டு போய்த் துரை ஐயாவிடம் கொடுத்துவிட்டார். துரை ஐயா ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு ரொம்ப நல்ல தேன் என்று சொல்லியனுப்பினார். தேன்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இவங்க அவரு இப்ப உசிரோட நடமாடுதாருன்னு நெனச்சிட்டு இருக்காங்க" என்று நான் சொன்னேன்.

"நடமாடத்தானட்டி செய்யுதாரு" என்று இவர் சிரித்தார். உபதேசியார் பதில் அது. அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பட வேண்டியிருந்தது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கின சமயத்தில் கடைசிக்கு முந்தின தாள் திருத்தி வந்தது. கடைசி அதிகாரம் இன்னும் துரை ஐயாவின் மேசைமேல் இருந்தது. எனக்கு அப்போது நிறைமாதம். அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். இவர் வாசித்தார். பிடித்துக்கொண்டு போனது, அடித்தது, மரத்தில் அறைந்தது, உயிர் விட்டது, துணி சுற்றிக் குகையில் வைத்துக் கல்லைப் புரட்டி மூடினது. மூடினதோடு தாள் முடிந்துவிட்டது.

அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மற்றப் பெண்களும் அவிழ்த்தார்கள். தேன்காரன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து நெருப்பை அணைத்தான். வாசிப்பு நன்றாக மனசில் பட்டிருக்கிறது என்று என் கணவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு படுத்தார்.

காலையில் குடி காலி.

கூரைப்புல்லைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். அடுப்புக்கல்லைக் கவிழ்த்திருந்தார்கள். நாய்கூட இல்லை. எங்கள் வாசலில் மட்டும் ஒரு கட்டுக் காய்ந்த விறகும் இலையில் சுற்றின கிழங்கும் இருந்தன. இவர் குடிசை குடிசையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சாவு விழுந்தா அந்த எடத்துல இருக்கமாட்டாங்க, பேரைக்கூடச் சொல்லமாட்டாங்க, தெரியும். ஆனா இங்கன யாரும் சாகலியேட்டி?"

"செத்தாருல்லா? நீங்கதான நேத்து வாசிச்சிய" என்றேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். "மூணாம் நாள் எழும்பினவர நீங்களும் துரையுமாச் சேந்து மாசக்கணக்கா அடைச்சி வச்சிருக்கிய. அந்தச் சனம் அவரு சாவத் தங்க வீட்டுத் துஷ்டியா மனசுல வாங்கிக்கிட்டு மழைக்குள்ள போயிருக்கு. ஒங்க சட்டத்த நீங்களே வச்சிக்கிடுங்க, எனக்கு அக்கா வேணும்." ஆத்திரம் எல்லாம் மேலாகத்தான் இருந்தது. அடியில் இருந்தது பயம், வேறொன்றுமில்லை. அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டிருந்தது.

கீழே இறங்கவும் வழியில்லை. சாரலில் ஆறு பெருகி, பாறையெல்லாம் மூழ்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து இவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாசிக்கத்தான கூடாது? வாயால சொன்னா யாரு கேக்கப்போறா. போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன். பொழுதடையுமுன்ன வந்திருவேன்" என்றார். என்னைத் தனியே விட்டுப்போக மனசில்லாமல் வாசலிலேயே நின்றார். போங்க, போங்க என்று நானே விரட்டினேன். வாழ்நாளில் அந்த மனுஷன் மீறின ஒரே சட்டம் அதுதான். அதற்காகவே அவர்மேல் எனக்கு அன்று பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் வலி எடுத்தது.

முதலில் சூட்டுவலி என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மத்தியானம் ஆவதற்குள் ஏமாற்ற முடியவில்லை. பாயைப் போட்டேன், தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன், ஜெபம் பண்ணினேன், ஜெபத்துக்கு நடுவில் என் கணவரைத் திட்டினேன், துரை ஐயாவையும் விடவில்லை. வெளியே மழை சோவென்று கொட்டியது. கூப்பிட்டால் கேட்க ஒரு ஜீவன் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தடவையாவது அழவை, அழவை என்று ஆண்டவரிடம் கெஞ்சினேன்.

கதவுத் தட்டி அசைந்தது. அக்கா நின்றாள். அவிழ்த்த தலை, சொட்டச் சொட்ட நனைந்து, கையில் ஏதோ தழை.

அவள் என் கணவரைப் பார்க்கவே இல்லை. அவர் வடக்கே தேடிப் போயிருக்கிறார், இவர்கள் போனது மேற்கே. யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சாவு விழுந்த இடம் என்று தெரிந்தே, அவர்களில் ஒருவரும் திரும்பிக் கால்வைக்காத இடத்துக்குள், எனக்காக வந்திருந்தாள். வாசலில் ஒரு தடவை நின்று, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கால்வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வலிக்கு நடுவில் கத்தினேன். "அக்கா, அவரு சாகல! செத்தாரு, ஆனா எழும்பிட்டாரு! குகை காலியாக் கெடந்துச்சு! வாசனைத் தைலம் கொண்டுபோன பொம்பளைங்கதான் மொதல்ல பாத்தாங்க!"

"சரி சரி, எழும்பட்டும். நீ இப்ப மூச்ச விடாத, முக்கு" என்றாள்.

அன்றைக்கு நடந்த ஒரே பிரசங்கம் அதுதான். அதற்குப்பின் பேச எனக்கு மூச்சில்லை. அவள் என் பின்னால் உட்கார்ந்து என்னைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள், பிறகு முன்னால் வந்தாள், தழையை அரைத்துத் தடவினாள், திட்டினாள், கொஞ்சினாள். வெளிச்சம் குறைவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. வந்து, கொஞ்சம் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. அவள் அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். அழுதது. பெண். காடே கேட்கும்படி அழுதது.

பின்னால் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். இவர் ஒருவரையும் காணாமல் இருட்டின பிறகுதான் திரும்பி வந்தார். பளியர்கள் பழைய இடத்துக்கு வரவே இல்லை. வேறொரு சரிவில் குடிசை போட்டார்கள், நாங்களும் அங்கே போனோம். கடைசி அதிகாரத்தை என் கணவர் அங்கேதான் வாசித்தார். தேன்காரன் மறுபடியும் ஒரு குடுக்கை கொண்டுவந்தான். சபையில் யார் கேட்டாலும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் அன்று சாயங்காலம் அக்கா என்னைத் துடைத்து, பிள்ளையை என் மார்மேல் போட்டு, துணியால் மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எழும்பினாருன்னு சொன்னியே, நெசமா?"

"நெசந்தான் அக்கா."

"அவரு அம்மாகிட்ட யாரு போய்ச் சொன்னா?"

நான் யோசித்தேன். சின்ன வயசிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணினதையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். தோட்டம் வருகிறது, கல் வருகிறது, ஓடினவர்கள் வருகிறார்கள். அவருடைய அம்மாவிடம் போய் ஒருவர் சொன்னதாக ஒரு வரி எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அது எழுதல அக்கா" என்றேன்.

"பெத்தவகிட்ட சொல்லாமலா இருப்பாங்க?" என்றாள். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இருப்பாங்க" என்றேன். அந்த வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். தென்காசியில் எனக்கு நினைவு திரும்பினபோது அறை நிறைய ஆள் இருந்தார்கள். அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், இவரும் ஓரத்தில் இருந்தார். ஒருத்தரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கஞ்சி குடி என்றார்கள். தூங்கு என்றார்கள். யாரோ தொட்டிலுக்குக் கட்டியிருந்த கயிற்றை விட்டத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். நானும் அழவில்லை. சொல்லாத சாவுக்கு எப்படி அழுவது?

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். என் தலையை எடுத்து மடியில் வைத்தாள். செத்தவர்களைப் பற்றி ஒரு சொல் பேசாத ஜனத்தில் பிறந்தவள், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஒன் மூத்த புள்ள செத்துப்போச்சு, புள்ள."

நான் வாய்விட்டு அழுதேன். அவள் என் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பிள்ளை என் மார்மேல் கிடந்து, என் அழுகையோடு ஏறி இறங்கிக்கொண்டு, பாலைத் தேடியது.