சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய டேப்

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திய அவரை எல்லோரும் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் மனிதர் பக்கத்தை விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் தன் சொந்தக் காரில் ஒரு பிழையை ஒரு மாதம் மூடி மறைத்தார். எல்லாம் பயம்தான்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். போக வர இருந்தது முப்பது வயதைத் தாண்டிய கார். அது சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு சிவப்பாக எரியும், என்ஜின் அணைந்துவிடும். "அது என்னங்க, சிவப்பா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று மழுப்பிவிட்டு, அன்று மாலையே விளக்கின் மேல் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டிவிட்டார்.

தினமும் காலையில் என்ஜின் ஆயிலின் அளவு காட்டும் குச்சியை இழுத்துப் பார்ப்பார். ஆயில் குறையவில்லை, ஒரு விரல் கூடியே இருந்தது. அதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார். பாவம், கூடினாலும் கோளாறுதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று அவளோடு போகையில் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றது. மணி அடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பத் திருப்ப அது முனகியதே தவிரக் கிளம்பவில்லை. யார் யாரோ ஓடிவந்து தள்ளினார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கமே ஒரு ஒர்க் ஷாப் இருந்தது.

"ஆயில் லைட் எத்தனை நாளா எரியுது, ஐயா?" என்று கேட்டார் மெக்கானிக்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தார் கமா. "இன்னிக்குத்தான்."

மெக்கானிக் விளக்குக்கான சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரைத் திருகி, ஸ்டார்ட் செய்தார். சூடு ஏற ஏற முள் இறங்கியது. "சென்சார் மேல தப்பில்ல. பிரஷரே இல்ல. இன்னிக்குத் திடீர்னு விழுந்திருக்குன்னா உள்ள பேரிங் போயிருக்கும். என்ஜினை இறக்கணும், பத்து நாளாகும்."

பத்து நாளில் நாலு முறை அவளை மெஷினுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கமா விரல்விட்டு எண்ணினார்.

"இன்னிக்கு இல்ல தம்பி, ஒரு மாசமாச்சு" என்றாள் மனைவி. "டேப் ஒட்டி வெச்சிருக்காரு. நான் தூங்கறேன்னு நெனச்சு ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பாப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்பலேருந்து வண்டிக்குள்ள பெட்ரோல் வாடையும் அடிக்குது. என் சீக்குக்கு எல்லாமே நாறுது போலன்னு நெனச்சேன். சொன்னா இவரு பயந்துடுவாரேன்னு சொல்லல."

பெட்ரோலில் அச்சு எழுத்துகளைக் கழுவும் அச்சகத்திலேயே காலம் தள்ளிய மூக்கு கமாவுடையது. அதற்கு அந்த வாடை எப்போதோ மரத்துவிட்டது.

மெக்கானிக் ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்தார். "அதான் ஆயில் கூடியிருக்கு. என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்ப்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சு, பெட்ரோல் ஆயில்ல இறங்குது. ஆயில் தண்ணியாயிடுச்சு, பிரஷர் விழுது. என்ஜினுக்குப் பெட்ரோல் போதல, நின்னுடுது. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா உள்ள இறுகிப்போயிருக்கும். நல்லவேளை, வாய தெறந்து சொன்னீங்க, அம்மா."

பம்ப், ஆயில், பில்டர் எல்லாம் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. மீட்டர் முள் ஏறி, என்ஜின் சூடான பிறகும் இறங்காமல் நின்றது. கமா டேப்பை உரித்தார். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்தது, என்ஜின் ஓடியதும் அணைந்தது.

ஆனாலும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "வேற என்ன சொல்லாம வெச்சிருக்க?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "ஊசி குத்தற கையில துடிப்பு நேத்துலேருந்து குறைஞ்சுட்டே வருதுங்க."

மெஷினுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாயின் துடிப்பு அது; நின்றால் மெஷினுக்கு ரத்தம் போக வழியில்லை. கமா அந்தக் கையின் மணிக்கட்டின் மேல் விரல்களை வைத்தார். வெகுநேரம் தேடிய பிறகு மெல்லியதாக ஏதோ தட்டுப்பட்டது.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.