பைபாஸ் திறப்பதற்குள்

ராஜபாளையத்தைச் சுற்றிப் போகும் பைபாஸில் தார் போட்டு, வெள்ளைக் கோடு அடித்து, போர்டும் நட்டுவிட்டார்கள். ஆனால் திறக்கவில்லை. அப்படிச் சும்மா கிடந்த இரண்டு மாதமும் அது என் ரோடு. வேறு யாராவது உரிமை கொண்டாடினால் சண்டைக்கு வருவேன். நாற்பத்தொன்பது வயதில் நான் ஸ்கூட்டர் பழகியது அங்கேதான்.

பழகாமல் வேறு வழியில்லை. அதுவரை என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது என் வீட்டுக்காரர்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை அவருடைய கண்ணைத் தொட்டுவிட்டது. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சராக இருந்த எனக்கு, பைபாஸை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாறுதல் வந்தது. அந்த ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் மணியடித்த பிறகுதான் வரும். ஜூன் மாதத்திலிருந்து நானே போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மலை ரோட்ல லாரி ஓட்டுனவன் சொல்லித் தாரேன். பத்து நாள்ல பழகிரலாம்" என்றார்.

பத்து நாளில் நேராகப் போகப் பழகினேன். சும்மா சொல்லக் கூடாது, நேராக நன்றாகவே போனேன். சிக்கல் திரும்புவதில் இருந்தது. ஊரையே சுற்றுகிற ரோடு என்றுதான் பெயர், அதில் போகிறவர்களுக்குத் திரும்புகிற வேலையே இல்லை. வண்டிகள் நுழையாமல் இருக்க ஒரு இடத்தில் மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். அதுவரை ஜம்மென்று போவேன். அங்கே இறங்கி, வண்டியைக் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி ஏறி வருவேன்.

அவர் பாலச் சுவரில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு தூரம் கண் எட்டாது. காதை வைத்தே என்னை மேய்த்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் நின்றால் அங்கிருந்தே கத்துவார்.

"ஏட்டி, சத்தம் நின்னு போச்சே. இறங்கித் தள்ளுதியா?"

"இல்லையே, செத்த நேரம் காத்து வாங்குதேன்."

ரோட்டோரம் மிளகாய் வத்தல் காயப்போட வரும் ஒரு அக்கா உடனே போட்டுக்கொடுத்துவிடுவாள். "தள்ளுதாக அண்ணாச்சி, நல்லாத் தள்ளுதாக. டீச்சர், எம்புட்டு நாளைக்கு இப்படி? வரும்போது என் வத்தல்ல ஏத்திராதீக."

அவள் சிரிக்க, அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கிளச்சே இல்லாத வண்டிக்கு இத்தனை பாடா என்பார். ஒரு நாளாவது, ஒரு பேச்சுக்காவது, நல்லா ஓட்டினாய் என்று சொன்னதில்லை. எனக்கும் ரோஷம் வந்து, வீடு வரும்வரை அவரோடு பேசாமல் வருவேன்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பைபாஸைத் திறந்துவிட்டார்கள். மண் குவியலைக் காணோம். வத்தல் அக்கா சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். என் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பறந்தன. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்காகவே கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் ஒன்று புதிதாக வாங்கினேன்.

பழைய ரோடும் பைபாஸும் பிரிகிற இடத்தில்தான் எங்கள் தெரு. அந்த முக்கில் நின்றுகொண்டார். "பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயிட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்."

போனது சுலபம். பள்ளிக்கூட வாசலைத் தொட்டுவிட்டு பைபாஸுக்கு வந்தால், நடுவில் தடுப்புச் சுவர். வீட்டுப் பக்கம் போக, கொஞ்சம் தள்ளி இருக்கும் இடைவெளியில் திரும்ப வேண்டும். இடைவெளியும் வந்தது. எதிரே வரிசையாக லாரிகள். இங்கே இறங்கித் தள்ளினால் நாளைக்கு எனக்கு மாலைதான். திரும்பாமல் நேரே விட்டுவிட்டேன்.

பைபாஸ் முடிகிற இடத்தில் ரவுண்டானா. அதைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் போன பக்கமே நானும் போனேன். பார்த்தால் பழைய ரோடு! எந்த ரோட்டுக்குப் பயந்து பைபாஸில் பழகினேனோ அதே ரோடு. மினிபஸ், ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி, போதாததற்கு எதிரே மேளத்தோடு ஒரு கல்யாண ஊர்வலம். ஹாரனிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே இல்லை. என் வாழ்நாளில் அத்தனை பேரிடம் ஒரே நாளில் திட்டு வாங்கியதும் இல்லை. பஜாரைத் தாண்டி வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் முக்குக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி, நெற்றியில் கை வைத்து பைபாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அவர் காதுக்கும் வேலையில்லை. பக்கத்தில் போய் நிறுத்தினேன். திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஏம்மா, ஸ்கூட்டர்ல ஒரு டீச்சரம்மா போனாகளே, பாத்தீகளா? போயி ரொம்ப நேரமாச்சு."

கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நல்லா ஓட்டுவா. பட்டாளத்துல எத்தன பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன். அம்புட்டுப் பேத்தயும் விட இவ நிதானம். திரும்பத்தான் பயப்படுவா. எனக்குக் கண்ணு இருந்தா பின்னாலயே போயிருப்பேன். அவளத் தனியா அனுப்புனது என் தப்பும்மா."

இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். ஆனால் அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினேன்.

"ஏறுங்க. வீட்டுக்குப் போவோம்."

கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, எந்தப் பக்கமா வந்த?"

"பஜார் வழியா."

"பஜார் வழியாவா?"

பிறர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்தே அறியாத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் தெரு எதிர்ப்பக்கம். வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே அவர் வலது கையை நேராக வெளியே நீட்டினார். லாரி நின்றது. காலை ஊன்றாமல் திருப்பினேன்.