தொண்டையைத் தாண்டாத பதினோரு வருடம்

வைனைத் துப்பிப் பிழைக்கிறவன் நான். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டோடு எந்த வைன் என்று சொல்ல வேண்டும், புதிதாக வாங்கும் பாட்டில்களை ருசி பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு வாய் வாங்கி, நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி, பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் வாளியில் துப்புவதுதான் முறை. இந்தத் தொழிலில் எல்லாரும் துப்புவார்கள். முப்பது வகையை ஒரே நாளில் பார்க்கிறவன் துப்பாவிட்டால் சாயங்காலத்துக்குள் தரையில் கிடப்பான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, தனக்குப் பிடித்ததில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு நிஜமாகவே குடிப்பார்கள். நான் அதையும் துப்புவேன். அதனால் அங்கே எனக்கு 'வாளி' என்று பெயர்.

ஊர் எது என்று கேட்டால் விழுப்புரம் பக்கம் என்று சொல்லிவிடுவேன். கள்ளக்குறிச்சி என்றால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கல்வராயன் மலை என்று சேர்த்துச் சொன்னால் போச்சு. "சரியான ஊர்ல இருந்துதான் ஆள் எடுத்திருக்காங்க" என்பார். கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனவர்களை வைத்துச் சிரிக்கிறோம் என்பது அவருக்கு உறைக்காது. நானும் கூடச் சிரித்துவைப்பேன். அப்படிச் சிரித்ததற்காக என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

என் அப்பாவும் குடித்துத்தான் செத்தார். செய்தியில் வருகிற மாதிரி ஒரே நாளில் இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டு சாவகாசமாகச் செத்தார். சாமை விதைப்பதும், சீசனில் கடுக்காய் பொறுக்கிக் கீழே கொண்டுபோய்ப் போடுவதும் அவர் வேலை. குடித்துவிட்டு வரும் நாளில், வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கொய்யாமரத்தில் இரண்டு கொழுந்தைப் பறித்து மென்றுகொண்டு உள்ளே வருவார். வாடை தெரியாதாம். அம்மாவுக்கோ கொய்யா இலை வாசம் வந்தாலே போதும், சோற்றுப் பானையை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். குடித்த வாயைவிட மணக்கிற வாய்தான் அவளுக்குச் சந்தேகம்.

அப்பா முதல்முதலாகக் குடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன இடத்தில் யாரோ ஊற்றிக்கொடுக்க, ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இருமினாராம். அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தாளாம். "மொத மொத குடிக்கிறவன் இருமியே ஆவணும். தொண்டை ஒத்துக்காது. இருமாம எறக்குறான்னா பழகிட்டான்னு அர்த்தம். அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ஹோட்டல் படிப்பு முடித்து எனக்கு வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்று பயந்து உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். அழவில்லை, திட்டவில்லை. என்னைக் காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கல்லில் சூடத்தை ஏற்றி வைத்தாள்.

"வாயில வச்சா வச்சுக்கோ, அது பொழப்பு. தொண்டையத் தாண்டக் கூடாது. ஒரு சொட்டு தாண்டிச்சின்னா எனக்குக் கொள்ளி போட வராத. சூடத்த அடி."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது. அன்றிலிருந்து பதினோரு வருடம், ஒரு சொட்டு தாண்டவில்லை. துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளித்து, அதையும் துப்பிவிட்டுத்தான் எச்சில் விழுங்குவேன். சாமிக்குப் பயந்தேனா, அம்மாவுக்குப் பயந்தேனா என்றால், இரண்டையும்விட எனக்கு இருப்பது அப்பாவின் தொண்டையோ என்றுதான் பயந்தேன்.

மற்ற வைன்களில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பழைய இனிப்பு வைன்களில்தான் மாட்டிக்கொண்டேன். போர்ட், மதீரா என்று ஒரு குடும்பமே இருக்கிறது. திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தி மாதிரி ஒன்றை ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு அப்படியே தங்கிவிடும், போதையும் ஜாஸ்தி. அதை மரப்பீப்பாயில் இருபது, முப்பது வருடம் போட்டுவைத்தால் சிவப்பு போய்ப் பழுப்பாகும், காரம் எல்லாம் அடங்கும். முதல் முறை முகர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருடத்துப் புளி, அடிப்பிடிக்கப் போகிற வெல்லப்பாகு, தேனில் ஊறிய நெல்லி, கடைசியில் வாயை உலர்த்துகிற கடுக்காய்த் துவர்ப்பு. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பயிற்சி கொடுத்த பெரியவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அத்திப்பழம், வால்நட், ஆரஞ்சுத் தோல் என்று எழுதச் சொன்னார். அத்திப்பழத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை. புளியை நாற்பது கிலோ மூட்டையாகத் தூக்கியிருக்கிறேன். ஆனாலும் எழுதினேன்.

அடுத்த படிக்குப் போகப் பரீட்சை உண்டு. அதில் பழைய இனிப்பு வைன்களுக்குத் தனியாக ஒரு மேஜை. இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அந்த மேஜையில் போச்சு. "உன் குறிப்பு வாயோட நின்னுடுது. விழுங்கினதுக்கு அப்புறம் கீழேருந்து ஒண்ணு திரும்பி வரும். இந்த வகைக்கு உயிரே அதுலதான் இருக்கு. ஒரே ஒரு சிப் எறக்கிப் பாருய்யா, செத்தா போயிடுவ?" என்றார் அதே பெரியவர். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். துப்பினாலும் எழுதத் தெரிந்த கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ரகம் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன்.

ஏனென்றால் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். ஊதுவேன். மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சோறு போடப் போய்விடுவாள். தேறிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டடா" என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறு எந்தப் பரீட்சையில் போனாலும் பரவாயில்லை.

போன வருடம் ஹோட்டலில், பத்து வருடம் தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு பரிசு கொடுத்தார்கள். நான் இருபது வருடப் போர்ட் ஒரு பாட்டில் கேட்டேன். வாளிக்கு எதற்குப் பாட்டில் என்று எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அப்பாவின் நினைவு நாள் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் லீவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லி அந்த நாளில் மட்டும் போகாமல் இருந்தேன். படையலில் அப்பாவுக்காக என் தம்பி ஒரு குவார்ட்டர் பிராந்தி வைப்பான். படைத்ததை மூத்த மகன் முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதற்குப் பயந்துதான் போகவில்லை. இந்த முறை அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், எனக்குப் பதில் தம்பி குடிக்கட்டும், அப்பாவுக்காவது ஒரு நாள் நல்ல சரக்கு கிடைக்கட்டும் என்று கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கி மலை பஸ் பிடித்தேன். அடிவாரத்தில் செக்போஸ்ட். பையைத் திறந்த போலீஸ்காரர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாதுய்யா இது?"

"வைன் சார். அப்பாவுக்குப் படையல்."

"மேலேருந்து கீழ சாராயம் கொண்டாறவனப் புடிச்சுத்தான் எனக்குப் பழக்கம். கீழேருந்து மேல தூக்கிக்கினு போறவன இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. அப்போது எனக்கும் உண்மையாகவே சிரிப்பு வந்தது.

வீட்டு வாசலில் அம்மா ஊதச் சொன்னாள், ஊதினேன். உள்ளே அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. சாமைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி. தம்பி என் பாட்டிலைத் திறந்து சில்வர் டம்ளரில் பாதி ஊற்றி வைத்தான். சூடம் காட்டிவிட்டு, கதவைச் சாத்தி எல்லாரும் வெளியே வந்து நின்றோம். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது, யாரும் பேசக் கூடாது. கொஞ்சம் பொறுத்து அம்மா மூன்று தரம் கதவைத் தட்டித் திறந்தாள். நேராகப் போய் டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மூத்தவன் நீதான், குடி."

"தம்பி குடிக்கட்டும்மா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"யார்கிட்ட நடிக்கிற? சாராயத்துலயே பொழங்கிக்கினு ஒருத்தன் குடிக்காம இருப்பானா? அது எனக்கு மொத வருசமே தெரியும்டா. சரி, சம்பாதிக்கிற புள்ள, போவட்டும்னு வுட்டுட்டேன். அப்பனுக்கு வச்சதக் குடிக்க மட்டும் இன்னா வெக்கம்?"

"அப்ப வாசல்ல நிக்க வச்சு ஊதச் சொன்னது?"

"உங்கப்பனாட்டம் இலைய கிலைய மென்னுக்கினு வர்றியான்னு பார்ப்பேன். ஒண்ணுமே நாறாது. ரெண்டு நாளு குடிக்காம இருந்துட்டு வர்ற போலன்னு நெனச்சுக்குவேன். அந்த மட்டும் அம்மா மேல மருவாதி இருக்குதேன்னு."

"எம்மா, இன்னி வரைக்கும் ஒரு சொட்டு முழுங்கினது இல்லம்மா."

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். சொல்கிறவள் பெற்றவளாக இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

கோபத்தில்தான் குடித்தேன். வேறு காரணம் எதையும் இப்போது கற்பிக்க விரும்பவில்லை. சத்தியத்தை வாங்கியவளே நீட்டுகிறாள் என்றால் இந்தா என்று, டம்ளரை வாங்கி ஒரே வாயாக உள்ளே தள்ளினேன். தள்ளும்போதே ஒரு நம்பிக்கையும் இருந்தது: முதல் முறை இல்லையா, இருமிவிடுவேன், கண்ணில் தண்ணீர் வரும், அவளுக்குப் புரிந்துவிடும்.

இருமல் வரவில்லை. இருபது வருடம் மரத்தில் கிடந்து காரமெல்லாம் செத்துப்போன சரக்கு அது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வயிற்றில் ஒரு கதகதப்பு. பிறகு, அந்தப் பெரியவர் சொன்னது போலவே, கீழேயிருந்து ஒன்று திரும்பி வந்தது. புளி, வெல்லம், அதற்குப் பின்னால் உண்மையாகவே ஏதோ ஒரு பழத்தோல். நின்று நிதானமாக, போவேனா என்றது. இரண்டு பரீட்சையிலும் நான் எழுதாமல் விட்ட பாதி அதுதான். இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

"பார்த்தியா?" என்றாள் அம்மா, தம்பியிடம். "ஒரு செருமல் இல்ல. தண்ணி மாதிரி எறங்குது."

"இது பழசும்மா. இதைக் குடிச்சா யாருக்கும் இருமல் வராது."

"குடிக்காதவனுக்கு அது எப்பிடிடா தெரியும்?"

பதினோரு வருடம் படித்த படிப்பு முழுக்க அந்தக் கேள்விக்கு எதிரில் வாயடைத்து நின்றது. தம்பி பாட்டிலிலிருந்து தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டு, "ஜூஸாட்டம் இருக்குதுண்ணா, கிக்கே கம்மி" என்றான். சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா எனக்குக் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். அவள் என்மேல் கோபமாக இல்லை. என்றைக்கோ மன்னித்து முடித்துவிட்டாள். செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தவள், வழியில் கொய்யாமரத்தடியில் நின்று, எட்டி இரண்டு கொழுந்தைப் பறித்தாள்.

"வெறும் வாயோட பஸ்ல ஏறாத. பக்கத்துல பொம்பளைங்க ஒக்காந்திருப்பாங்க, மென்னுக்கினு போ" என்று என் கையில் வைத்துவிட்டு, சூடம் அணைத்த அந்த உள்ளங்கையை அவளே மூடிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து மென்றேன். கசந்தது. செக்போஸ்டில் காலையில் பார்த்த அதே போலீஸ்காரர் ஏறி, என் வெறும் பையைத் திறந்து பார்த்தார். குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார், என் முகத்தைப் பார்த்தார். "அப்பாவுக்குப் படைச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.