சிரம்பான் பஸ்ஸில் அம்மா

நேற்று மலாக்கா சந்தையில் சர்க்கரை தூவிக் காயவைத்த ஜாதிக்காய்ச் சதையின் வாசம் மூக்கில் ஏறியதும், இன்று கடைவரிசையாகிவிட்ட மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் வாடகை வீடு நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிப் பெண்மணி ஒருவர் இருந்தார்; மலாயில் அத்தை என்று பொருள்படும் மக்சிக் என்றே அவரை அழைப்போம். அவர் ஜாதிக்காய்ச் சதையைச் சீவித் தட்டில் பரப்பி வாசலில் காயவைப்பார். காரமும் இனிப்புமான அந்த வாசம் மத்தியானம் முழுக்க எங்கள் சமையலறையிலேயே கிடக்கும்.

அப்பா மலாக்காவிலிருந்து சிரம்பானுக்குப் பஸ் ஓட்டினார். அம்மாவுக்கோ பஸ் என்றாலே குமட்டும். அவர் சட்டையின் டீசல் வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துவைப்பாள். எலுமிச்சை, இஞ்சிச் சாறு, வயிற்றில் தேய்த்த தைலம் எதுவும் பலிக்கவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அந்த வாரம், சிரம்பானில் சித்திக்குக் குழந்தை பிறந்தது. போயே தீருவேன் என்றாள் அம்மா. மக்சிக் ஒரு பொட்டலம் காய்ந்த ஜாதிக்காய்ச் சதையை அவள் கையில் திணித்து, மெல்லச் சப்பிக்கொண்டே போ, குமட்டாது என்று மலாயில் சொன்னார்.

அப்பாவுக்குப் பின் இருக்கையில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அப்பா பஸ்ஸை ஊர விட்டு, கண்ணாடியில் அவளையே பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

சிரம்பானில் எல்லோரும் இறங்கியும் அம்மா எழவில்லை.

"முடியலையா?" என்று அப்பா பதறினார்.

"நல்லாத்தான் இருக்கேன். தினமும் இவ்வளவு அழகான ரோட்டுலயா வர்றீங்க? சொன்னதே இல்லையே."