மேல் வீட்டுக்காரியின் செருப்பு

அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பழைய கார்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். வண்டி வந்ததும் இன்ஜினை ஓடவிடச் சொல்வார். முழங்கை நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் பாதி வண்டியைப் பிரித்துப் போட்டுக் கண்டுபிடிப்பதை இவர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காது போய்ச் சில வருஷமாகிவிட்டது.

முழுதாகப் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் முதலில் விடைபெற்றன. கொசு, குருவி, பிறகு இன்ஜினின் டிக் டிக். வலக்காதில் மனிதப் பேச்சு இன்னும் விழுந்தது. இடக்காது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும். வாடிக்கையாளரை வலப்பக்கம் நிறுத்திக்கொள்வார். மனைவிக்கு இடப்பக்கத்தை ஒதுக்கியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்வது ஏறக்குறைய ஒரே விஷயம்தான் என்பது அவர் எண்ணம். அவள் பேசும்போது நிதானமான இடைவெளியில் 'ம்' போடுவார். காரியம் நடந்துகொண்டிருந்தது.

ரகசியம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். அவளுக்கு எதிர்வீட்டில் பால் பொங்குவது கேட்கும். புதிதாக ஒரு வண்டி வேலைக்கு வந்தால் காதுக்காரர் போன் பண்ணுவார், அவள் டீ ஃப்ளாஸ்க்கோடு வருவாள். இன்ஜின் பக்கத்தில் டம்ளர்களை வைத்து, ஊற்றுவாள், ஊற்றுவாள், ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கண்ணை மூடியிருப்பார். பிறகு, "சக்கரை எங்க வெச்சே?" என்று உரக்கக் கேட்டபடி ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் போவார். அங்கே அவள் அவருடைய வலக்காதில் வாயை வைத்துச் சொல்வாள்.

பாகங்களின் பேர் அவளுக்குத் தெரியாது. "உங்கண்ணன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிற மாதிரி" என்றால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. "உங்க தங்கச்சி சிரிப்பு" என்றால் ஃபேன் பெல்ட். வண்டிகளின் நோயெல்லாம் ஏனோ அவர் வீட்டு மனிதர்கள் பேரிலேயே இருந்தன. அவள் பிறந்த வீட்டிலிருந்து இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை.

அப்படித்தான் வக்கீலின் கார் வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார். ஓடினால் உள்ளே எதுவோ தட்டுகிறது என்றார். டீ வந்தது. சர்க்கரை தேடப்பட்டது.

"மேல் வீட்டுக்காரி செருப்போட நடக்கிறா" என்றாள் மனைவி. "பின்னாடி கடைசி ரூம்ல."

அவர்கள் குடியிருந்தது கீழ்த்தளத்தில். மேலே இருந்தவளுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

காதுக்காரர் வெளியே வந்து, "கேம்ஷாஃப்ட் சார். கடைசிக் கேம் தேஞ்சிருக்கு. கழட்டி மாத்தணும்" என்றார்.

"உள்ள போகும்போது தெரியல, வரும்போது தெரிஞ்சிருக்கு" என்றார் வக்கீல். குறுக்கு விசாரணை அவருக்குப் பொழுதுபோக்கு. "அந்தம்மா சொன்னாங்களோ?"

காதுக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அவளா? அவளுக்கு மிக்ஸி சத்தத்துக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது சார். டீ போடுவா. அதுவும் சுமாராத்தான்."

வக்கீல் சிரித்தார். மனைவி அப்போது வெளி கேட்டைத் தாண்டிப் பக்கத்துக் கடை வாசலுக்குப் போயிருந்தாள். அவ்வளவு தூரத்தில் யாருக்கும் கேட்காது என்று காதுக்காரர் நினைத்தார். வேறு யாருக்கும் கேட்கத்தான் கேட்காது.

மறுநாள் இன்ஜின் தலையைத் திறந்தார். கேம்ஷாஃப்ட் என்பது உள்ளே படுத்திருக்கும் ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற, மேடுகள் வால்வுகளைத் தட்டித் திறக்கின்றன. அவர் அடையாளக் குறிகளை நேராக்கினார். செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் கட்டினார். தண்டைப் பிடித்திருந்த மூடிகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு பக்கம் மட்டும் அவிழ்த்தால் வால்வு ஸ்பிரிங்குகள் தண்டை முறித்துவிடும். மூடிகளைத் தட்டில் வரிசை மாறாமல் வைத்தார். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது, மாமியார்களைப் போல.

தண்டு கையில் வந்தது. கடைசி மேடு மழுங்கிக் கிடந்தது. அவள் சொன்ன அதே கடைசி ரூம். காட்ட வேண்டும் என்று வாசலைப் பார்த்தார். அன்று டீ வரவில்லை.

வீட்டில் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். காதுக்காரருக்கு அது தெரியாது. வழக்கமான நாற்காலியில், வழக்கமான இடக்காதை அவள் பக்கம் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் பேசிக்கொண்டிருப்பாள் என்ற நம்பிக்கையில் 'ம்' போட்டார். ஒருமுறை, "அதுவும் சரிதான்" என்றுகூடச் சொன்னார். அவள் பாத்திரத்தை வைத்த வேகம் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பார்.

மூன்றாம் நாள் புதுத் தண்டை மாட்டினார். ஒவ்வொரு மேட்டுக்கும் ஆயில் தடவினார். மூடிகளை அவற்றின் இடத்தில் வைத்துப் படிப்படியாக இறுக்கினார், குறிகளைச் சேர்த்தார், செயினைக் கட்டவிழ்த்தார், கையால் சுற்றிப் பார்த்தார். மேடுகளுக்கும் வால்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிகளை மெல்லிய தகடு விட்டு அளந்து சரி செய்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். நிசப்தம். வேலை சரியாக இருந்தாலும் அவருக்கு நிசப்தம்தான், சொதப்பியிருந்தாலும் நிசப்தம்தான். சாயங்காலம் வக்கீல் வருவார். முதல் திருப்பத்திலேயே வண்டி தட்டினால் நாளைக்கு ஊரே கேட்கும்.

வீட்டுக்கு நடந்தார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீ எடுத்துக்கிட்டு கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

அவள் பார்த்தாள். உதடு அசையவில்லை. அவர் வலக்காதைத் திருப்பினார். "என்ன சொன்னே?"

"மூணு நாளா ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

அவர் இடக்காதைத் தடவிக்கொண்டார்.

"நேத்து ராத்திரி மட்டும் நாலு தடவை 'ம்'னீங்க. எதுக்குன்னு எனக்கும் தெரிஞ்சா தேவலை."

"இல்ல, அது..."

"டீ சுமாராப் போடறவளுக்கு இன்ஜின்ல என்ன வேலைங்க?"

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"இப்ப என்னதான் செய்யச் சொல்றே?"

"வரேன். டீ எடுத்துட்டு வர மாட்டேன்."

வெறுங்கையோடு அவள் முன்னே நடக்க, அவர் பின்னே போனார். வக்கீல் ஏற்கெனவே வந்து கார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டீ இல்லையாம்மா?"

"இல்லைங்க."

காதுக்காரர் இன்ஜினை ஓடவிட்டார். பழக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் அறையைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் கைக்கும் போகாத ஸ்க்ரூடிரைவரைக் காதுக்காரர் கொடுத்தார்.

அவள் அதைக் காதில் வைத்து, சட்டென்று எடுத்துவிட்டாள். "அய்ய. இது எதுக்கு? இல்லாமலே நல்லாக் கேக்குதே." திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். "மேல் வீட்டுக்காரி செருப்பைக் கழட்டிட்டா."

அவர் மூச்சு விட்டார்.

"ஆனா அவ புருஷன் நடக்கிறான். மெதுவா, முன் ரூம்ல."

முதல் வால்வு என்று காதுக்காரருக்குப் புரிந்தது. இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது. சரி செய்ய இன்ஜின் ஆற வேண்டும். மூன்று பேரும் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா அந்த மேல் வீட்டுக்காரி?" என்றார் வக்கீல்.

"எங்க மாடில குடியிருக்காங்க."

"அவங்களுக்கும் என் காருக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். காதுக்காரர் கைத்துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைத்தார்.

"சார், எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. ரொம்ப நாளாச்சு. இவதான் கேட்டுச் சொல்றா. கேம்ஷாஃப்ட்டும் இவ சொன்னதுதான்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "டீயும் நல்லாத்தான் போடுவா."

வக்கீல் காரைப் பார்த்தார். காதுக்காரர் தன் பேர், கடை, மிச்சமிருக்கும் வயசு எல்லாவற்றையும் அந்த முகத்தில் தேடினார்.

"அப்ப வண்டி இன்னிக்குக் கிடைக்காதா?" என்றார் வக்கீல்.

கிடைத்தது. இன்ஜின் ஆறியதும் இடைவெளியைச் சரி செய்து மறுபடி ஓடவிட்டார். "இப்ப?"

"புருஷனும் படுத்துட்டான்."

ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் நடந்தார்கள். அவளுக்கு மூன்று நாள் பேச்சு பாக்கி இருந்தது. உதடு அசைவதைப் பார்த்த காதுக்காரர் 'ம்' சொல்லப்போய் நிறுத்திக்கொண்டார். அவளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அவளுடைய இடப்பக்கம் போய், வலக்காதைக் கொடுத்து நடந்தார்.

அதில் முதலில் விழுந்தது அவருடைய தங்கையைப் பற்றியதாக இருந்தது.