ஏழால் வகுபட்ட எண்

பட்டாளத்துக்குப் போன மகனின் நம்பரைப் பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் செபமாலை முடிந்ததும் சொல்வாள். ஒண்ணு, பூச்சியம், நாலு, ஏழு, ரெண்டு, ஒன்பது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யுத்தத்தின் கடைசி வருடம் அது. சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த நான் விடுப்பில் செஞ்சிக்கு வந்திருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும்.

ஒரு காலை, வல்லத்துச் சிப்பாய் ஒருவன் பர்மாவிலிருந்து பட்டாளத்து அடையாள வில்லை ஒன்றைக் கொண்டுவந்தான். முகம் சிதைந்த பிணத்தின் கழுத்தில் கிடந்தது. கூடவே மாதா படம் தைத்த துணி உத்தரியமும் இருந்ததால், தன் படையிலேயே இருந்த இவள் மகன்தான் என்று நினைத்திருக்கிறான். பெயர் இருந்த பாதி கருகிவிட்டது. எண் மட்டும் தெரிந்தது. 104279. உரக்கப் படித்தேன்.

"ஏழும் ரெண்டும் எடம் மாறி இருக்குது," என்றாள் அவள்.

அவள் கொழுந்தனுக்கு மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை வாங்கி விற்கிற இடத்தில், கணக்கு வேலை. மண்டியில் கூட்டலைச் சரிபார்க்க, இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகத் தள்ளுவார்கள்; மீதி ஒத்துப்போனால் கணக்குச் சரி. தரையில் கரியால் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டுலயும் அஞ்சு மீதி. ஒரே நம்பருதான் அண்ணி. நீதான் மாத்திச் சொல்லிக்கினு இருந்திருக்க."

கோயிலில் சாவு மணி அடிக்கச் சொல்லக் கிளம்பினார்.

இலக்கங்கள் இடம் மாறினாலும் அந்த மீதி மாறாது என்றேன்.

"அப்ப இன்னா சொல்ற, பேப்பர்காரரே? வில்லை பொய் சொல்லுதா, அண்ணி நெனப்பு பொய் சொல்லுதா?"

அப்போது அவள் சொன்னாள்: "'எம்மா, இது எதாலயும் வகுபடாத நம்பரு'ன்னு எம்மவன் சிரிச்சான் தம்பி, கடைசியா வந்தப்ப." லாரி நம்பரைக்கூட வகுத்துப் பார்க்கிறவன் அவன்.

வில்லையின் எண்ணை ஏழால் வகுத்தேன். 14897. மீதி இல்லை.

பிறகு அவள் சொன்ன எண். அதன் வர்க்கமூலம் முந்நூற்று இருபத்து மூன்று சொச்சம்; அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். சாயங்காலம் ராஜகிரிக் கோட்டைப் பாறையின் அனல் தெருவில் இறங்கும்வரை வகுத்தேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது மிஞ்சியது. கடைசியாக முந்நூற்றுப் பதினேழு, அதிலும் மிஞ்சியது.

"உங்க நெனப்புதான் சரி," என்றேன்.

கொழுந்தன் தரையிலிருந்த கரிக் கணக்கைக் காலால் அழித்தார். மணி அடிக்கவில்லை.

"அப்ப இது யாருது?" என்றான் சிப்பாய். வில்லையைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றான்.

"யாரோ பெத்த புள்ள," என்று அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு எண்களைச் சொன்னாள். ஒரே குரல், ஒரே இழுப்பு.

யுத்தம் முடிந்தது. மகனும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அடுத்த விடுப்பில் ஒரு சாயங்காலம், சுவருக்கு அப்பால் குரல் பாதியில் நின்றது. வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, ரெண்டுல எது என்னுது?"

இரண்டையும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இரண்டு முறையும் ஒரே எண். ஏழால் வகுபடுகிற எண்.

நான் மெதுவாக அவள் மகனின் நம்பரைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இது யாருது தம்பி?" என்றாள்.