நிறுத்தக் கூடாத லோடு

தெருவில் அந்தம்மாவுக்குப் 'பாதி லாரி' என்று பெயர். பெயர் வைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. ட்ரெய்லர் லாரியில் இன்ஜினும் டிரைவர் அறையும் இருக்கிற முன்பாதி மட்டும்தான் அவருக்குச் சொந்தம். பின்னால் மாட்டி இழுக்கும் நீளமான பகுதி லோடு கொடுப்பவருடையது. ஓட்டுவதும் பாதி வாரம்தான். வெள்ளி, சனி, ஞாயிறு ஸ்டியரிங். மற்ற நாட்களில் கடைத்தெருவில் தையல் மெஷின். எந்த முதலாளிக்கும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த லோடு என்றால் எடுப்பார். பிடிக்காவிட்டால் "வேற ஆளப் பாருங்க" என்று போனை வைத்துவிடுவார். நேரில் பார்த்தால் எல்லோரும் மரியாதையாக 'டெய்லரம்மா' என்பார்கள். பட்டப்பெயர் முதுகுக்குப் பின்னால்தான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தொழிலே நிறுத்துவதுதான். மாடிக்கு மாடி, தரைமட்டத்துக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் பெட்டி வந்து நிற்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு சம்சாரம் வாய்த்தால் என்ன செய்வார் பாவம்! மூன்று வருடமாக, வெள்ளிக்கிழமை வந்தால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். போன் அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் இன்னொரு பயம். ஒரு தடவைகூட அந்த வண்டியில் ஏறியதில்லை. கூப்பிட்டால் இடுப்பு வலி, இல்லையென்றால் எங்கேயோ லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்பார்.

கடைசியில் பயம் முற்றிப்போய் ஒரு காரியம் செய்துவிட்டார். மனைவியிடம் மூச்சுவிடாமல் ஒரு புரோக்கரைப் பிடித்து, வண்டியை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்க வருகிறார். ஆனால் வண்டி டெய்லரம்மா பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். இதை எந்த வாயால் சொல்வது என்று லிஃப்ட்காரர் விழி பிதுங்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை மாலை டெய்லரம்மாவே பேச்சை எடுத்தார்.

"என்னங்க, நாளைக்கு ஒரு லோடு இருக்கு. பகல்லயே போயிட்டுத் திரும்பிரலாம். நீங்களும் கூட வாங்களேன்."

இடுப்பு வலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வேறு யோசனை தோன்றியது. ஓடுகிற வண்டியில் விஷயத்தைச் சொன்னால் டெய்லரம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். சண்டை பாதியோடு நிற்கும். "சரி, வர்றேன்" என்றார். என்ன லோடு என்று கேட்கத் தோன்றவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் போய்ப் பார்த்தால், ட்ரெய்லர் முழுக்க மரப்பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வலை போர்த்தி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போனதும் உள்ளங்கால் வழியாக ஒரு ரீங்காரம் ஏறியது.

"தேனீ" என்றார் டெய்லரம்மா. "பழத்தோட்டத்துல பூ வந்திருச்சாம். கொண்டுபோய் விடணும்."

"இம்புட்டுமா?"

"இம்புட்டும்தான். கோடிக்கணக்குல இருக்கும்."

தேனீக்களுக்குச் சொந்தக்காரரைத் தேன்காரர் என்பார்கள். முகத்தில் இனிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. "வெயில் ஏறுனப்புறம் எங்கயும் நிறுத்திராதம்மா. ஓடுறவரைக்கும் காத்து உள்ள போகும், அதுங்க பாட்டுக்குக் கிடக்கும். நின்னா சூட்டுல எல்லாம் கிளம்பிரும். வெளிய வந்தது வலையில முட்டிச் சாகும், உள்ள இருக்கிறது வெந்து சாகும். என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் வேனில் முன்னால் புறப்பட்டார்.

நிறுத்தவே கூடாத வண்டி! லிஃப்ட்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். சொல்ல வந்த விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு தேன்காரரிடமிருந்து போன் வந்தது. லிஃப்ட்காரர்தான் எடுத்தார். "பாலத்து மேல ஒரு லாரி குடைசாஞ்சு கிடக்கு. நான் தாண்டிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆகுங்கிறாங்க. நின்னுராதீங்க, நின்னுராதீங்க!" என்று கதறினார் அந்த மனிதர்.

எதிரே கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பின்னால் திரும்ப இடமில்லை. டெய்லரம்மா வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். இடது பக்கம் ஒரு பொருட்காட்சி மைதானத்தின் கேட் திறந்து கிடந்தது. அதைப் பார்த்து வண்டியை ஒடித்தார்.

"நுழையாது! நுழையாது!" என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

"உடம்பப் பிடிச்ச சட்டை மாதிரி இருக்கும். ஆனா நுழையும்."

லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி மைதானத்துக்குள் இருந்தது. தார் போட்ட பெரிய மைதானம், ஈ காக்கை இல்லை. நடுவில் சில விளக்குக் கம்பங்கள், ஓரத்தில் வாட்ச்மேன் அறை. டெய்லரம்மா கம்பங்களை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்ற?"

"பாலம் திறக்கிறவரைக்கும் சுத்தப் போறேன்."

வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "யாருய்யா நீங்க? வண்டிய நிறுத்துங்க!" ஜன்னலை இறக்கி லிஃப்ட்காரர் "நிறுத்த முடியாதுங்க!" என்று சொல்வதற்குள் வண்டி தாண்டிப் போய்விட்டது. அடுத்த சுற்றில் "ஏன்?" என்றார் வாட்ச்மேன். "நிறுத்தினா வெளிய வந்துரும்!" அதற்கடுத்த சுற்றில் "எது?" என்று வந்தது. "தேனீ! வண்டி முழுக்கத் தேனீ!" மறுபடி சுற்றி வந்தபோது வாட்ச்மேன் அறைக்குள் இருந்தார், கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

டெய்லரம்மா கண்ணாடியில் வலையைப் பார்த்தார். "சூடாயிருச்சுங்க. இந்த வேகத்துல காத்து போதல. தண்ணி வேணும். அந்த மனுஷன்கிட்ட கேளுங்க." அவர் குரல் முதல்முறையாக நடுங்கியது. லிஃப்ட்காரருக்கு அது பெரிய ஆச்சரியம். இந்தம்மாவுக்கும் பயம் வருமா?

அன்று வரை யாரிடமும் ஓர் உதவி கேட்டறியாத மனிதர் உடம்பில் பாதியை ஜன்னலுக்கு வெளியே விட்டு, வாட்ச்மேன் அறை வரும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினார். "ஐயா, தண்ணி! புண்ணியமாப் போகும்! அத்தனையும் செத்துரும்யா!" சில சுற்றுக்குப் பிறகு கதவு திறந்தது. தலையிலிருந்து கழுத்து வரை துண்டைச் சுற்றிக்கொண்டு, தீயணைக்கும் குழாயை இழுத்து வந்தார் வாட்ச்மேன். வண்டி கடக்கும்போதெல்லாம் வலை மேல் தண்ணீரை வாரி அடித்தார். ரீங்காரம் மெல்ல மெல்லத் தணிந்தது.

அதன்பிறகுதான் லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். நனைந்த தாரில் டயர் தடம் விழுந்திருந்தது. எத்தனை சுற்று சுற்றியிருப்பார்கள்! ஆனாலும் தடம் ஒன்றுதான். ஒரே தையலின் மேல் திரும்பத் திரும்பத் தையல் போட்டதுபோல, போன வழியிலேயே போய்க்கொண்டிருந்தது அவ்வளவு பெரிய வண்டி. வளைவில் பின்சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, ஒவ்வொரு முறையும் அதே கம்பத்தை அதே சாண் இடைவெளியில் கடந்தன. அவருடைய லிஃப்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் உண்டு. விலகிப்போக நினைத்தாலும் போக முடியாது. இங்கே தண்டவாளமும் இல்லை, ஒரு கோடும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தினமும் தனக்குச் சோறு போடும், சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரும் அதே பெண்பிள்ளைதானா? கண் கலங்கியதற்கு வெயிலின் மேல் பழி போட்டார்.

பாலம் திறந்துவிட்டதாகத் தேன்காரரிடமிருந்து போன் வந்தது. வாட்ச்மேன் துண்டை அவிழ்த்து வீசி வழியனுப்பினார்.

தோட்டத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைவெளேரென்று பூ. வலையை அவிழ்த்துப் பெட்டிகளை இறக்கும்வரை இருவரும் ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். முன் கண்ணாடியில் தேனீக்கள் ஊர்ந்தன. தேன்காரர் உள்ளங்கையில் செத்த தேனீக்களை அள்ளிக் காட்டி, "இவ்வளவுதாம்மா போச்சு" என்று வெளியிலிருந்து கத்தினார். அந்த முகம்கூடச் சிரித்துவிட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தார் லிஃப்ட்காரர்.

"நாளைக்கு வண்டியப் பாக்க ஆள் வர்றாரு. அதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படி..."

"புரோக்கர் வாயில எதுங்க தங்கும்? போன வாரமே டயர் கடையில உளறிட்டான்."

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா பயம்னு சொல்வீங்க. எனக்கு மட்டும் இல்லையா? நானும் பயந்துக்கிட்டுத்தான் ஓட்டுறேன்." டெய்லரம்மா கண்ணாடியில் ஊர்ந்த ஒரு தேனீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வித்துத்தான் ஆகணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா எதை விக்கிறோம்னு ஒரு தடவை பாத்துட்டு வித்துக்குங்க. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

லிஃப்ட்காரரே போனை எடுத்து, வாங்க இருந்தவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வர வேணாங்க. வண்டி விக்கிறதா இல்ல."

"ஏங்க? வண்டியில ஏதாச்சும் குறையா?"

"வண்டியில ஒரு குறையும் இல்ல. நாந்தான் மூணு வருஷமா ஏறிப் பாக்கல. மன்னிச்சுக்குங்க."

காலி ட்ரெய்லரோடு திரும்பினார்கள். பாலத்தை ஒட்டிய வளைவில் எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. லிஃப்ட்காரருக்குப் பயமாகத்தான் இருந்தது. கை தானாகப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை.